மூன்றாம் ஓலை

"நீ எழுதல்லேண்ணா வேற யாரு எழுதுவா? ஒம்பது வருசமா நீதானே..."

"ஒம்பது வருசம் எழுதினதுக்குக் கிட்டின கூலிதான் இது. அந்தக் கிளீட்டஸே எழுதட்டும். அவருதானே தலைவரு..."

"அவனுக்கு ரெண்டு வரி சேந்தாப்புல எழுத வருமாட்டி? கடைக்குச் சாமான் லிஸ்டு அனுப்பினாலே எனக்குப் பாதி வெளங்காது. நான் சொல்லியது என்னண்ணா..."

"நீங்க ஒண்ணும் சொல்லாண்டாம். நான் மொதல்ல முடிச்சுக்கிடுதேன்."

"நீ முடிக்கியதுக்குள்ள மணி ஆறாயிரும். ஆறு மணியோட ஓலை முடியுது, தெரியும்லா."

ஓலை என்ற சொல் விழுந்ததும் சுபிதா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அடுப்பில் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று இரண்டு பேருக்குமே தெரியாது. கருங்கல் சந்தையில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் அவள் கணவன் பெனின், காலை ஆராதனைக்குப் போட்டுப்போன வெள்ளைச் சட்டையைக்கூட மாற்றவில்லை. கோயில் விட்டு வந்து செருப்பைக் கழற்றிய இடத்தில் தொடங்கிய சண்டை, சமையலறை வாசல்வரை வந்து நின்றிருந்தது.

அது ஒரு பாராட்டுரையைப் பற்றிய சண்டை. நாகர்கோவில் பக்கத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றில் படித்தவர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. வருஷத்துக்கு ஒருவரைப் பிடித்து மேடையில் ஏற்றி, சிறந்த முன்னாள் மாணவர் என்று கேடயம் கொடுத்துப் பொன்னாடை போர்த்துவார்கள். பொன்னாடைக்கு முன்னால் ஒருத்தர் எழுந்து, விருது வாங்குபவரின் பெருமைகளை ஐந்து நிமிஷம் வாசிக்க வேண்டும். சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் அந்த ஐந்து நிமிஷத்தை எழுதுகிறவளும் வாசிக்கிறவளும் சுபிதாதான். ராக்கெட்டுக்கு வால்வு செய்தவரை வாசித்திருக்கிறாள். துபாயில் பாலம் கட்டியவரை, பெங்களூரில் கம்பெனி தொடங்கி அதை அமெரிக்காக்காரனுக்கு விற்றவரை, இப்படி ஒன்பது பேரை. ஒவ்வொருத்தரும் மேடையை விட்டு இறங்கும்போது அவள் கையைப் பிடித்து, மேடம், நான் இவ்வளவு செஞ்சிருக்கேன்னு எனக்கே இப்பதான் தெரியும் என்பார்கள். அவள் சிரிப்பாள். வீட்டுக்கு வந்து சேலையைக் களைந்து மடிக்கும்போது அந்தச் சிரிப்பு இருக்காது.

தலைவர் கிளீட்டஸ் அவளோடு ஒரே வகுப்பில் படித்தவர். கட்டட ஒப்பந்தக்காரர். தன் ஊர்ப் பங்குப் பேரவையில் பொறுப்பில் இருக்கிறவர். அதனால் கோயில் வழக்கம் ஒன்றைச் சங்கத்துக்குள் கொண்டுவந்துவிட்டார். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பதில்லையா, இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை அறிந்தவர்கள் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று. அதே போல, விருதுக்குத் தேர்ந்தவரின் பெயரை மூன்று ஞாயிற்றுக்கிழமை வாட்ஸப் குழுவில் போடுவார். மூன்றாம் ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்குள் யாரும் தடை சொல்லாவிட்டால் விருது உறுதி. ஒன்பது வருஷத்தில் ஒருத்தரும் தடை சொன்னதில்லை. கைகூப்பிய படத்தையும் பூங்கொத்துப் படத்தையும் போட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள்.

வெள்ளிவிழாக் காணும் வகுப்புக்குத்தான் விருது என்பது இன்னொரு வழக்கம். இந்த வருஷம் இரண்டாயிரத்தில் வெளியே வந்தவர்களின் முறை. சுபிதாவின் வகுப்பு. சிவிலில் தங்கப் பதக்கம் வாங்கியவள் அவள். தேர்ந்தெடுக்கப்பட்டவள் ஜின்சி.

இன்று மூன்றாம் ஓலை.

பெனின் குரலைத் தாழ்த்தினான். கோயில் முற்றத்தில் நிற்கும்போது கிளீட்டஸ் போன் செய்ததைச் சொன்னான். பாராட்டுரை வந்து சேரவில்லையே, சுபிதாவுக்குச் சுகமில்லையா என்று கேட்டிருக்கிறார். பேச்சோடு பேச்சாக இன்னொன்றையும் சொல்லியிருக்கிறார்.

"விருதுக்கு நீயும் பேரு குடுத்திருந்தியாமே. எனக்கிட்ட ஒரு வார்த்த சொல்லல்ல."

"சொன்னா என்ன செய்திருப்பீய? கேக்கு வெட்டியிருப்பீயளா?"

அவள் யாரிடமும் சொல்லவில்லை. பாலிடெக்னிக்கில் எல்லோரும் வீட்டுக்குப் போனபிறகு, ஆசிரியர் அறையில் தனியாக உட்கார்ந்து அந்த விண்ணப்பத்தை நிரப்பினாள். இருபத்திரண்டு வருஷம் பாடம் எடுத்திருக்கிறாள். இந்த மாவட்டத்தில் ரோடு போடுகிற அலுவலகம், குளம் அளக்கிற அலுவலகம் எதற்குப் போனாலும் அவளிடம் படம் வரையப் படித்த ஒருத்தன் எழுந்து நின்று மேடம் என்பான். கட்டட வரைபடம் பற்றி அவள் எழுதிய புத்தகத்தை ஐந்தாறு பாலிடெக்னிக்கில் வாங்குகிறார்கள். இதையெல்லாம் எழுதிப் பார்த்தால் அரைப்பக்கம் வந்தது. எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். முக்கால் பக்கம்.

ஜின்சியின் விண்ணப்பம் நாலு பக்கம். ஓமானில் ஒரு துறைமுகம். ஆப்பிரிக்காவில் இரண்டு. இப்போது நெதர்லாந்தில், கடலரிப்பைத் தடுக்கும் அலைத்தடுப்புச் சுவர்களை வடிவமைக்கும் ஓர் அலுவலகத்தின் தலைமைப் பொறியாளர். போன வருஷம் அங்கே ஏதோ ஒரு பொறியாளர் சங்கம் அவளுக்குப் பதக்கம் போட்டிருந்தது. பதக்கத்தோடு நிற்கும் படத்தில் அவள் தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். அந்தப் படத்தைச் சுபிதா எத்தனை தடவை பெரிதாக்கிப் பார்த்திருப்பாள் என்பதை அவளுடைய போனுக்கு வாய் இருந்தால் சொல்லும். முகத்தில் மருவோ கண்ணுக்குக் கீழே கருப்போ இருக்கிறதா என்றுதான் பார்த்தாள். இருந்தது. அதில் ஒரு நாள் முழுக்கச் சந்தோஷமாக இருந்தாள்.

"கிளீட்டஸ் சொல்லியதப் பாத்தா நீ ரெண்டாவது. ஒரு மார்க்குதான் கொறவாம். ரெண்டாவது வந்தது என்ன, கொறச்சலா?" என்றான் பெனின்.

"ரெண்டாவது வாறவளுக்குக் கேடயம் உண்டா? இல்லல்லா. பொறவு என்ன. எனக்க அப்பா வீட்டு நடையில மீன் சட்டிய எறக்கி வச்சு, யோவான் சாரே சாள வேணுமாண்ணு கேட்டவளுக்க மவ அவ. அவளுக்கு நான் மேடையில நிண்ணு பாட்டுப் படிக்கணும்."

பெனின் சமையலறை ஜன்னலைச் சாத்தினான்.

"இந்த வார்த்த ஒனக்க வாயிலேருந்து வரப்பிடாது. வெளிய யாரும் கேட்டா நமக்குத்தான் நாணக்கேடு."

அவள் நாலாம் விதியை எடுத்துப் போட்டாள். சங்கத்தின் விதிகளை ஒன்பது வருஷத்துக்கு முன்னால் எழுதிக் கொடுத்ததும் அவள்தான். படிப்புக் காலத்தில் ஒரு தாளிலும் தவறாதவராக இருக்க வேண்டும் என்பது நாலாம் விதி. ஜின்சி நாலாவது செமஸ்டரில் நாலு தாளில் தவறியவள். கமிட்டியில் யாருக்கும் அது தெரியாது, மார்க் லிஸ்டை யாரும் கேட்பதில்லை. தனக்கு மட்டுமே தெரியும் என்றாள் சுபிதா.

"போன வருசம் வாங்கின யேசுரத்தினத்துக்கு எத்தன அரியரு? நீதானட்டி எனக்கிட்ட சொல்லிச் சொல்லிச் சிரிச்சா. அப்ப ஒனக்கு விதி ஓர்ம வரல்லியா?"

அவள் அடுப்பை அணைத்தாள். பெனின் விடவில்லை.

"ஒனக்கு இது பொறாம, கண்ணுகடி. வேற பேரு இல்ல இதுக்கு."

சுபிதா குக்கரை இறக்கி வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு கார் சாவியை எடுத்தாள். பாராட்டுரைக்கு விவரம் வேண்டும், ஜின்சி ஏதோ கப்பலில் இருக்கிறாளாம், சான்றிதழ் எல்லாம் அம்மா கையில் இருக்கிறது என்று செய்தி அனுப்பியிருந்தாள், போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றாள். பெனினுக்கு மனசு இறங்கிவிட்டது. எழுதத்தான் போகிறாள் என்று நினைத்தான். வெறும் கையோடு போகாண்டாம், புதுக்கடையில ஏதாவது பழம் வாங்கிக்கொண்டு போ என்று வாசல்வரை வந்து சொன்னான்.

சான்றிதழைப் பார்க்கத்தான் போனாள். அது பொய் இல்லை.

புதுக்கடைச் சந்திப்பில் காரை நிறுத்திப் பழக்கடையில் மாதுளை தேர்ந்துகொண்டிருந்தபோது நிமிர்ந்தாள். எதிரே ஜின்சி. கடற்கரை ஊர்க்காரர்கள் வைத்த ஃப்ளெக்ஸ் அது. அந்தப் பதக்கப் படத்தையே ஒரு பஸ்ஸின் அகலத்துக்குப் பெரிதாக்கி, எங்கள் கரையின் பெருமை என்று போட்டிருந்தார்கள். மருவும் இல்லை, கருப்பும் இல்லை. அச்சடித்தவன் எல்லாவற்றையும் துடைத்து எடுத்திருந்தான். மூன்றாம் ஓலையே முடியவில்லை, அதற்குள் என்ன அவசரம் இவர்களுக்கு என்று சுபிதாவுக்கு வந்தது. பழக்காரி எடை போட்டு நீட்டியதை வாங்காமல் நின்றாள். இரண்டாம் தடவை கூப்பிட்ட பிறகுதான் கை நீட்டினாள்.

இதே இடத்தில்தான் ஜின்சி பஸ் ஏறுவாள். கருங்கல்லிலிருந்து வருகிற சுபிதா, தன் பக்கத்து இருக்கையில் வரைபலகைச் சாமானை வைத்து இடம் பிடித்திருப்பாள். நாகர்கோவில் போய்ச் சேருவதற்குள் அன்றைய பாடம் ஒன்றைச் சொல்லிக் கொடுத்தாக வேண்டும். ஜின்சிக்குத் தலையில் சீக்கிரம் ஏறாது. ஏறாததை ஏறவில்லை என்று ஒத்துக்கொள்ளவும் மாட்டாள். ம், ம் என்று தலையாட்டிக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்ப்பாள். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் என்று ஒரு தாள், தண்ணீர் எப்படி ஓடும், எதன் மேல் எவ்வளவு அழுத்தும் என்கிற கணக்கு. அதை மட்டும் மூன்று வாரம் சொல்லிக் கொடுத்தாள் சுபிதா. அந்தத் தாளிலும் தவறினாள். கரையில் பிறந்து கடலோடு வளர்ந்தவள், தண்ணீர்க் கணக்கில் தோற்றாள். இன்றைக்கு அவள் கணக்குப் போட்டுக் கொடுக்கிற இடத்தில்தான் ஊர் ஊராகக் கல்லைக் கொட்டிக் கடலை நிறுத்துகிறார்கள்.

ரிசல்ட் வந்த நாள் பஸ்ஸில், ஜின்சி துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். ஊரில் பங்குக் கோயிலில் மீன் பிடிபாட்டில் ஒரு பங்கு பிரித்துத்தான் அவளுக்குப் படிப்புச் செலவு கொடுக்கிறார்கள், ஒரு தாள் தவறினால் நிறுத்திவிடுவார்கள், ஆருட்டயும் சொல்லாத சுபி என்று கையைப் பிடித்தாள். செத்தாலும் வெளியே போகாது என்றாள் சுபிதா. அடுத்த வருஷம் நாலையும் எழுதித் தேறிவிட்டாள் ஜின்சி. வார்த்தை மாறாமல் இத்தனை வருஷம் காப்பாற்றியதில் சுபிதாவுக்கு ஒரு பெருமை உண்டு. அவள் எவ்வளவு மேலே போனாலும், அவளுடைய ஒரு நூல் என் கையில் இருக்கிறது என்கிற பெருமை.

தேங்காப்பட்டணம் தாண்டிக் கடற்கரைச் சாலையில் திரும்பினாள். ஞாயிற்றுக்கிழமை. வள்ளங்கள் எல்லாம் மேட்டில் ஏறிக் கிடந்தன. ஜின்சியின் வீடு எது என்று அவள் கேட்க வேண்டியிருக்கவில்லை. கண்ணாடி பதித்த இரண்டு மாடி, வாசலில் வழவழவென்று கல் படி. அதைப் பார்த்ததும் தன் வீட்டு முன்பக்கம் மூன்று வருஷமாக வெள்ளையடிக்காமல் கிடப்பது அவளுக்கு ஞாபகம் வந்தது.

ஜின்சியின் அம்மா வியாகுலம்மாள் பின்பக்கம் தண்ணீர்க் குழாயடியில் உட்கார்ந்து சாளை ஆய்ந்துகொண்டிருந்தாள். எழுபது தாண்டியிருக்கும். வெள்ளைச் சட்டையும் கைலியும். இவ்வளவு பெரிய வீட்டுக்குள் இருப்பவள் போலவே இல்லை. யார் என்று சுபிதா சொல்லி முடிப்பதற்குள் எழுந்துவிட்டாள்.

"யோவான் சாருக்க மவளா? எனக்க மாதாவே, வெளிய நிக்கியா நீ? உள்ள வா மக்கா. கையில மீன் மணம், ஒன்னப் பிடிக்க ஒக்காது. நீ வா."

கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே பேசினாள். சாரு நல்லா இருக்காரா என்று கேட்டாள். அப்பா போய் எட்டு வருஷம் ஆயிற்று என்று சுபிதா சொல்ல, குழாயை மூடிவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். ஜின்சியின் அப்பாவும் போய்விட்டார் என்றாள். சுபிதாவின் அம்மா ராஜபாய் டீச்சர் மீன் விலையைக் குறைப்பதற்காகக் கதவைப் பாதி சாத்திக்கொண்டு பேசுவதை நடித்துக் காட்டினாள். அது தன் அம்மாவேதான் என்பதைச் சுபிதாவால் மறுக்க முடியவில்லை. சிரிப்பு வந்தது. வந்த வேலையை நினைத்து அதை அடக்கிக்கொண்டாள்.

பாராட்டுரைக்காக ஜின்சியின் படிப்புச் சான்றிதழ்களைப் பார்க்க வேண்டும் என்றாள்.

"பாக்கணுமா? பாக்காம பின்ன."

வியாகுலம்மாள் முன் அறைக்குப் போய், மாதா படத்துக்குக் கீழே இருந்த அலமாரியைத் திறந்து, ஒரு பச்சை ஃபைலை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தாள். அதற்குக் கனம் இருந்தது. உள்ளே இருந்த தாள் ஒவ்வொன்றையும் அவள் லேமினேஷன் செய்து வைத்திருந்தாள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, டிகிரி. அதோடு நிற்கவில்லை. கல்லூரி பஸ் பாஸ், ஹால் டிக்கெட், நூலகத்தில் புத்தகம் திருப்பித் தரவில்லை என்று வந்த கடிதம். ஆங்கிலத்தில் அச்சடித்து மகளின் பெயர் போட்டு வந்த எதையும் விட்டு வைக்கவில்லை.

"புயல் வந்தப்ப வீட்டுக்குள்ள தண்ணி ஏறிச்சு, கேட்டியா. எல்லாம் நனஞ்சு போச்சு. வெயில்ல காய வச்சு, களியக்காவிளைக்குக் கொண்டு போயி எல்லாத்தயும் பிளாஸ்டிக்கு போட்டேன். கடைக்காரன் இது வேண்டாம் அம்மா, அது வேண்டாம் அம்மாண்ணான். எனக்க மவளுக்க பேரு இருக்கா, இருந்தா போடு, நீ எனக்குப் படிச்சுச் சொல்லாண்டாம்ணேன்."

அவளுக்கு எழுத்து தெரியாது. ஜின்சி என்ற வடிவம் மட்டும் தெரியும்.

சுபிதா ஒவ்வொன்றாகப் புரட்டினாள். முதல் செமஸ்டர். இரண்டு. மூன்று. நாலாவது வந்தது. இருபத்தேழு வருஷத்துக்கு முந்தைய தாள், தண்ணீர் ஏறிய கறை ஒரு ஓரத்தில் பழுப்பாக நின்றது. நடுவில் நாலு பாடத்துக்கு எதிரே தவறியது என்று குறித்திருந்தது தெளிவாகத் தெரிந்தது. கண்ணாடி போல மினுமினுத்தது. தோற்றுப்போன ஒரு மார்க் லிஸ்ட்டை இவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிற வீடு இந்த மாவட்டத்திலேயே இருக்காது.

மணி மூன்றே முக்கால்.

இதை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். தன் குரல் வகுப்பில் பேசுவது போல நிதானமாக வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"எடு மக்கா. இதுக்குப் போயி கேக்கணுமா."

தாளை மேசையில் வைத்துப் போனைப் பிடித்தாள். பிளாஸ்டிக்கில் விளக்கு வெளிச்சம் பட்டு, சரியாக அந்த நாலு பாடம் இருந்த இடத்தில் வெள்ளையாகத் திட்டு விழுந்தது. சாய்த்துப் பிடித்தாள். திட்டு நகர்ந்ததே தவிர போகவில்லை. வியாகுலம்மாள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அங்ஙன வச்சா கெடைக்காது. இஞ்ச கொண்டா."

தாளை வாங்கி ஒரு துண்டால் அழுத்தித் துடைத்தாள். வாசலுக்குக் கொண்டுபோய், நிழலும் வெளிச்சமும் சரிபாதியாக விழுகிற இடத்தில் நின்று, நெஞ்சுக்கு நேராக இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள். திருவிழாப் பவனியில் பதாகை பிடிக்கிறவள் போல நிமிர்ந்து நின்றாள்.

"இப்ப தெரியுதா? நல்லாத் தெரியணும், கேட்டியா. நாலுபேரு பாக்கியதுல்லா."

தெரிந்தது. ஒவ்வொரு எழுத்தும் தெரிந்தது. ஓரத்தில் வியாகுலம்மாளின் கட்டை விரலும் விழுந்தது, நகத்தில் ஒட்டிய ஒரு சாளைச் செதிலோடு. சுபிதா எடுத்தாள்.

சாயா போடப் போனாள் வியாகுலம்மாள். பால் இல்லை, கட்டன் குடிப்பியா என்று உள்ளேயிருந்து கேட்டாள். குடிப்பேன் என்றாள் சுபிதா. சோபாவின் நுனியில் உட்கார்ந்தாள். குழுவைத் திறந்தாள். காலையில் கிளீட்டஸ் போட்ட மூன்றாம் ஓலை. அதற்குக் கீழே பூங்கொத்துகள், கைதட்டல்கள். யாரோ ஒருத்தர், நம்ம ஜின்சி அப்பவே பிரில்லியண்ட் என்று எழுதியிருந்தார். எழுதியவர் யார் என்று பார்த்தாள். ஜின்சியோடு ஒரு வார்த்தை பேசியிராத ஆள். அப்பவே. அந்த ஒரு சொல்லை மறுபடியும் வாசித்தாள். அப்போது பிரில்லியண்டாக இருந்தது யார் என்று இந்தக் குழுவில் ஒருத்தருக்காவது ஞாபகம் இருக்கிறதா?

அரியர் இருந்தது தப்பில்லை என்று அவளுக்குத் தெரியும். விதியும் ஒரு சாக்கு என்று தெரியும். பெனின் சொன்ன சொல்தான் சரியான சொல் என்றும் தெரியும். ஆனால் ஆறு மணிக்குப் பிறகு இது எதுவுமே உதவாது. இருபத்தைந்து வருஷத்துக்கு ஒரு தடவைதான் ஒரு வகுப்பின் முறை வருகிறது. இன்னொரு இருபத்தைந்து அவளுக்கு இல்லை. ஜின்சி விலகினால் அந்தக் கேடயம் வருகிற இடம் ஒன்றே ஒன்றுதான்.

'நாலாம் விதிப்படி தடை தெரிவிக்கிறேன். சான்று இணைத்துள்ளேன். செயலாளர்' என்று எழுதினாள். படத்தைச் சேர்த்தாள். உள்ளே வியாகுலம்மாள் ஏதோ ஒரு பாத்திரத்தைத் தேடி உருட்டுகிற சத்தம் கேட்டது. அனுப்பிவிட்டாள்.

ஒரு நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒருத்தர் கேள்விக்குறி மட்டும் போட்டார். இன்னொருத்தர், என்ன இது மேடம் என்றார். மூன்றாவதாக ஒருத்தர், விதின்னா விதிதான் என்றார். பூங்கொத்து போட்ட ஒன்றிரண்டு பேர் அதை அழித்தார்கள். கிளீட்டஸ் கூப்பிட்டார். அவள் எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டார். சத்தத்தை நிறுத்திவிட்டுப் போனைக் கைப்பைக்குள் போட்டாள். பைக்குள் அது நடுங்கிக்கொண்டே இருந்தது. சந்தோஷம் வரும் என்று காத்திருந்தாள். வரும், வீட்டுக்குப் போனபிறகு வரும் என்று நினைத்துக்கொண்டாள்.

வியாகுலம்மாள் கட்டன்சாயாவும் ஒரு தட்டில் முந்திரிக்கொத்துப் பலகாரமும் கொண்டுவந்து வைத்தாள். எதிரே தரையில் உட்காரப் போனவளைச் சுபிதா பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள். முழங்காலைத் தேய்த்துக்கொண்டு வியாகுலம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீ மெலிஞ்சு போனா. அப்ப கன்னம் இருந்துது ஒனக்கு." 

சுபிதா சாயாவை எடுத்தாள். சூடாக இருந்தது, குடித்தாள்.

பேச ஆள் கிடைக்காமல் கிடந்தவள் போல வியாகுலம்மாள் பேசினாள். ஜின்சி வாரத்துக்கு மூன்று தடவை கூப்பிடுகிறாள். கூப்பிட்டால் அங்கே உள்ள குளிரைப் பற்றியும் சோற்றைப் பற்றியும்தான் பேச்சு. வேலையைப் பற்றிக் கேட்டால் ஒனக்கு வெளங்காது அம்மா என்பாள். விருது விஷயத்தைக்கூட ஊர்க்காரர்கள் வந்து சொல்லித்தான் தெரியும். மகளிடம் கேட்டபோது, அதொண்ணும் பெரிசில்ல என்றாளாம். சுபிதாதான் வாசிக்கப் போகிறாள் என்று சொல்லும்போது மட்டும் அவள் குரல் மாறியதாம். மேடைக்கு முன்னால் முதல் வரிசையில் உட்கார வேண்டும், சுபிதா வாசிப்பதை ஒரு வார்த்தை விடாமல் போனில் பிடித்து எனக்கு அனுப்ப வேண்டும் என்று சொன்னாளாம்.

கைப்பை நடுங்கியது. சுபிதா அதைக் காலுக்குக் கீழே தள்ளி வைத்தாள்.

"படிக்கிய காலத்துல வீட்டுக்கு வந்தா ஒனக்க பேச்சுத்தான். சுபிதா அப்பிடிச் சொன்னா, சுபிதா இப்பிடிச் சொல்லித் தந்தா. நான் கேப்பேன், ஏட்டி, நீ ஒண்ணும் சுயமாப் படிக்கமாட்டியாண்ணு. அவ சொல்லுவா, அம்மா, எங்க கிளாசுல ஒண்ணாவது அவதான், நாங்க எல்லாம் அவளுக்குப் பொறத்தாலதாண்ணு. இப்பயும் அதுதான் சொல்லுதா."

ஒரு முந்திரிக்கொத்தை எடுத்து அவள் கையில் வைத்தாள். தின்னு என்றாள். பிறகு, ரொம்ப நேரமாகக் கேட்க நினைத்திருந்ததை இப்போதுதான் ஞாபகம் வந்தது போல முன்னால் குனிந்தாள்.

"அவளுக்கே இந்த வருசம் குடுக்காவண்ணா, ஒனக்கு எப்பமோ குடுத்திருப்பாவல்லா. ஒனக்கு எந்த வருசம் மக்கா குடுத்தாவ?"